காற்று வரவில்லை, கூலிங் இருக்கிறது: கார் ஏசி ஃபில்டரை வீட்டிலேயே மாற்றிய பதிவு

கார் ஏசியில் வருவது இரண்டு வகைப் புகார். இரண்டுக்கும் நாம் ஒரே பேர்தான் வைத்திருக்கிறோம்: "கூலிங் இல்லை." காசு வீணாவது இந்த இடத்தில்தான். முதல் வகையில் வென்டிலிருந்து காற்று பலமாக வரும், ஆனால் சில்லென்று இருக்காது. இரண்டாவது வகையில் வருகிற காற்று சில்லென்றுதான் இருக்கும், வருவதே கொஞ்சம். காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயரை 4-இல் வைத்தால் சத்தம் மட்டும் ஏறும், பின்சீட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. முதல் வகைக்குத்தான் கேஸ், கண்டென்சர், கம்ப்ரஸர் எல்லாம் பார்க்க வேண்டும். இரண்டாவது வகைக்கு முதலில் திறக்க வேண்டியது முன்சீட்டுப் பயணிக்கு எதிரே உள்ள கிளவ் பாக்ஸை. உள்ளே வரும் காற்றின் தூசியைப் பிடிக்கும் ஏசி ஃபில்டர் பெரும்பாலும் அதன் பின்னால்தான் இருக்கிறது.

இந்தப் பதிவில் உள்ள வண்டி 2017 கிராண்ட் ஐ10, பெட்ரோல், நாலு ஸ்பீடு கொண்ட சாதாரண மேனுவல் ஏசி. நிறுத்துவது கே.கே. நகரில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். ஓடுவது பெரும்பாலும் ஆற்காடு சாலை, போரூர் வழி, அதாவது மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையின் புழுதிக்குள். புகார் இரண்டு: காற்று குறைவு, காலையில் ஏசி போட்டதும் ஈரச் சாக்கு வாடை. நடு வென்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தால் 9 டிகிரி. சென்னை வெயிலில் 9 டிகிரி காட்டும் ஏசிக்கு கேஸ் ஏற்றுவது, பல்வலிக்கு மூக்குக்கண்ணாடி மாற்றுகிற கதை.

ஃபில்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே, வைப்பர் கைகளுக்குக் கீழே ஒரு கறுப்பு ஜாலி இருக்கிறதல்லவா, வெளிக்காற்று அதன் வழியாகத்தான் நுழைகிறது. உள்ளே ஒரு மடல். உள்காற்று பொத்தானை அழுத்தினால் அந்த மடல் வெளி வழியை மூடி, கேபினுக்குள் இருக்கும் காற்றையே திரும்ப எடுக்கும். மடலுக்கு அடுத்தது ஃபில்டர், அதற்குக் கீழே ப்ளோயர், அதைத் தாண்டினால் காற்றைக் குளிரவைக்கும், மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்லும் பாகம். "நான் எப்பவும் உள்காற்றில்தான் ஓட்டுகிறேன், ஃபில்டர் அழுக்காகாது" என்று சிலர் நம்புகிறார்கள். பெரும்பாலான கார்களில் ஃபில்டர் மடலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெளிக்காற்றோ உள்காற்றோ, இரண்டும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். மிதியடிப் புழுதி, சீட் துணியின் பஞ்சு, நாய் ஏறும் வண்டியானால் அதன் முடி எல்லாம் உள்காற்றில் வந்து சேரும்.

இன்னொரு நம்பிக்கை, அடைத்த ஃபில்டர் ப்ளோயர் மோட்டாரை எரித்துவிடும் என்பது. இந்த உருளை வகை ப்ளோயரில் காற்று வழி அடைபட்டால் மோட்டாரின் பளு குறையத்தான் செய்யும், கூடாது. உண்மையில் அடி வாங்குவது ரெஸிஸ்டர். மேனுவல் ஏசியில் ப்ளோயர் வேகத்தைக் குறைக்கும் அந்தச் சின்னத் தகடு, ஓடும் காற்றாலேயே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் சூடேறி அறுந்துபோகும். 1, 2, 3 வேலை செய்யாமல் 4 மட்டும் ஓடுகிறது என்றால் ரெஸிஸ்டர் போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றிவிட்டு ஃபில்டரைப் பார்க்காமல் விட்டால் புது ரெஸிஸ்டரும் அதே வழியில் போகும்.

வாங்குவது

பழைய ஃபில்டரை வெளியே எடுத்து அளந்த பிறகு கடைக்குப் போவது நல்லது. அதன் விளிம்பில் பார்ட் நம்பர் அச்சிட்டிருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழிந்திருந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பேரில் இரண்டு மூன்று தலைமுறை வண்டிகள் ரோட்டில் ஓடுகின்றன. "ஐ20-க்கு ஏசி ஃபில்டர் ஒண்ணு கொடுங்க" என்றால் கடைக்காரர் எந்த வருஷ வண்டி என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்து நீட்டினால் பக்கத்துக் கடைக்கு நகர்வது உத்தமம். அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் கடைக்குப் பஞ்சமில்லை. பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ஃபில்டர் தேட வேண்டாம். ஆனால் உடைந்த கிளவ் பாக்ஸ் ஸ்டாப்பர், காணாமல் போன ஃபில்டர் மூடி மாதிரிச் சில்லறைப் பிளாஸ்டிக்குக்கு அதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை.

விலை சின்னக் கார்களுக்குச் சாதாரண ஃபில்டர் 250 முதல் 500 ரூபாய், கார்பன் வகை 450 முதல் 1,000 வரை. சாதாரணம் தூசியை மட்டும் பிடிக்கும். கார்பன் வகை புகை நாற்றத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கமோ மணலி, எண்ணூர் ஆலைகள் பக்கமோ தினம் போய்வருகிறவர்களுக்குக் கூடுதல் காசு தகும். கறுப்பாக இருப்பதெல்லாம் கார்பன் இல்லை. அசல் கார்பன் ஃபில்டரைக் கையில் எடுத்தாலே சாதாரணத்தைவிடக் கனம் தெரியும், மடிப்புகளுக்குள் கரித்தூள் மணிமணியாக ஒட்டியிருக்கும். சாயம் தோய்த்த துணியில் அது இருக்காது. ஆஸ்பத்திரித் தரத்து ஹெப்பா என்று விளம்பரம் செய்யும் ஃபில்டர்கள் சின்னக் காரின் ப்ளோயருக்கு ஒத்துவராது. நெசவு அவ்வளவு அடர்த்தியானால் காற்றும் அதே அளவுக்குக் குறையும். எந்தப் புகாரைத் தீர்க்கப் போனோமோ அதையே காசு கொடுத்து வாங்கிவந்த மாதிரி ஆகும்.

கடையிலேயே மூன்று பார்க்க வேண்டும். மடிப்புகளின் எண்ணிக்கை பழையதுக்குச் சமமாக இருக்கிறதா. மலிவுச் சரக்கில் 5, 6 மடிப்பு குறையும். மடிப்புகள் நேராக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றனவா. நாலு விளிம்பிலும் ஃபோமோ கெட்டித் துணியோ சுற்றியிருக்கிறதா. இந்த மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. விளிம்பில் 2 மில்லிமீட்டர் சந்து இருந்தால் போதும், காற்று சுலபமான வழி பார்த்து அதில் புகுந்துவிடும். ஃபில்டர் சுத்தமாகவே இருக்கும், தூசி கூலிங் காயிலில் போய் அப்பிக்கொள்ளும்.

கழற்றுவது

தேவையான சாமான்: டார்ச், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் (பாதி வண்டிகளுக்கு அதுவும் வேண்டாம்), ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ், மெல்லிய மூக்கு உள்ள வாக்குவம் கிளீனர், ஈரத்துணி, முகக்கவசம், மிதியடி மேல் விரிக்கப் பழைய பேப்பர். முதல் தடவை 40 நிமிடம் ஆகும், அடுத்த தடவை 15.

ஆரம்பிக்கும் முன் சாவியைப் போட்டு உள்காற்று பொத்தானை அழுத்திவிட்டு, ப்ளோயரை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். இப்போது வெளிவழி மடல் மூடியிருக்கும். நீங்கள் ஃபில்டரை இழுக்கும்போது ஜாலிக்குள் தேங்கிய இலை தலைமேல் கொட்டாது. இடப்பக்கக் கதவை முழுக்கத் திறந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, கிளவ் பாக்ஸைக் காலி செய்யுங்கள். ஆர்சி புக், இன்சூரன்ஸ் தாள்களை வண்டிக் கூரைமேல் வைக்காதீர்கள். மறந்து ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வண்டியில் கிளவ் பாக்ஸின் உட்புறம், இரு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் ஸ்டாப்பர். அதைத் திருகி உள்ளே இழுத்தால் கழன்றுவரும். இரண்டும் வந்ததும் பெட்டி வழக்கத்தைவிடக் கீழே தொங்கும். மாருதியின் பல மாடல்களில் தனி ஸ்டாப்பர் இல்லை. பெட்டியின் இரு சுவரையும் கையால் உள்பக்கம் அமுக்கினால் விளிம்பு விடுபட்டு இறங்கும். சில வண்டிகளில் ஒரு பக்கம் மெதுவாக இறங்குவதற்கான கயிறோ தண்டோ மாட்டியிருக்கும். அதை முதலில் கொக்கியிலிருந்து விடுவிக்காமல் பெட்டியை இறக்கினால் அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் காது பிய்ந்துபோகும். வெயிலில் ஆறேழு வருஷம் நின்ற வண்டியின் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. மதிய வெயிலில் இல்லாவிட்டாலும், வண்டி கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும். ராத்திரி முழுக்க ஏசி போட்டு வந்து உடனே கழற்றினால் உடையும்.

கிளவ் பாக்ஸுக்கு மேலே பயணி பக்கத்து ஏர்பேக் இருக்கலாம். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

பெட்டி இறங்கியதும் எதிரில் கறுப்பாக, நீளவாக்கில் ஒரு மூடி தெரியும். அதன் ஓரத்துக் கவ்வியை விரலால் அமுக்கி இழுத்தால் வந்துவிடும். பழைய அடிப்படை மாடல்கள் சிலவற்றில் மூடியைத் திறந்தால் உள்ளே ஃபில்டரே இருக்காது. கம்பெனியிலிருந்தே காலி இடம். அளவு பொருந்தும் ஃபில்டர் வாங்கிப் போட்டால் அதுவே பெரிய முன்னேற்றம்.

இனிதான் கவனமாக இருக்க வேண்டிய பத்து விநாடி. ஃபில்டரின் மேல்பக்கம் குப்பை, அதற்கு நேர் கீழே ப்ளோயர் உருளை. சாய்த்து இழுத்தால் மேலே இருக்கும் அத்தனையும் உருளைக்குள் கொட்டும். அப்புறம் ஏசி போட்டால் டிக் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். இழுக்கும் முன் சந்து வழியாக வாக்குவம் மூக்கை விட்டு மேல்பக்கத்தை உறிஞ்சிவிடுங்கள். பிறகு தட்டில் தண்ணீர் ஏந்தி வருகிற மாதிரி, மட்டம் சாயாமல் இழுங்கள். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அப்போதே ஒரு போட்டோ.

இந்த ஃபில்டரில் கிடைத்தது: மேலே தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகளும், கன்னத்தில் பூசும் பிரஷ் மாதிரி இருக்குமே, அந்தப் பூவின் காய்ந்த இளஞ்சிவப்பு இழைகளும் ஒரு விரற்கடை உயரத்துக்கு. அதை உதறினால் மடிப்பின் மேட்டில் சாம்பல் நிறச் சிமென்ட் புழுதி, பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி. ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் கறை வட்டமாகப் படிந்திருந்தது. புழுதி எங்கும் ஒரே சீராகப் படியும். வட்டக் கறை தண்ணீரின் கையெழுத்து. இதைப் பார்க்காமல் புது ஃபில்டரைச் செருகியிருந்தால் வாடை போயிருக்காது.

ஃபில்டர் வெளியே இருக்கும்போதே ஒரு சோதனை. உள்ளே தளர்வான குப்பை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மூடியை மட்டும் மாட்டி, ப்ளோயரை 3-இல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். வென்டில் ஒட்டிய டிஷ்யூ பேப்பர் துண்டு நேராகப் பறந்தால் குற்றவாளி ஃபில்டர்தான். அப்போதும் சோம்பலாக ஆடினால் அடைப்பு கூலிங் காயிலிலோ, ப்ளோயர் உருளையின் இறகுகளிலோ இருக்கிறது. புது ஃபில்டர் அதைத் தீர்க்காது. இந்த வண்டியில் பேப்பர் பறந்தது.

பழையதைத் தட்டி, கழுவி, காயவைத்துத் திரும்பப் போடலாமா என்பது எல்லோரும் கேட்பது. இலை விழுந்திருந்தால் தட்டிவிட்டு ஒரு மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான். இந்தத் துணியின் இழைகளில் நிலைமின்னேற்றம் ஏற்றியிருப்பார்கள். நுண்ணிய தூசியை ஈர்த்துப் பிடிப்பது அதுதான். சோப்புத் தண்ணீரில் அலசினால் பார்க்க வெள்ளையாகும், பிடிக்கும் சக்தி போய்விடும். பங்சர் கடை ஏர் குழாயை வைத்து அடித்தால் இழை கிழிந்து ஓட்டை விழும். காற்று அமோகமாக வரும், தூசியும் சேர்ந்தே வரும்.

தண்ணீர் எங்கிருந்து

கறைக்குக் காரணம் வைப்பருக்குக் கீழே உள்ள அந்த ஜாலியின் அடியில், மழைநீர் விழும் தொட்டியில் இருந்தது. அந்தத் தொட்டியின் இரு ஓரத்திலும் மழைநீர் வடியும் துளை உண்டு. பொடி இலை மக்கி அதை அடைத்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் மட்டம் ஏறி காற்று வழிக்குள் தளும்பும். பானெட்டைத் திறந்து, ஜாலி ஓரத்து இலையைக் கையால் அள்ளி, ஒரு செம்புத் தண்ணீரை ஓரத்தில் மெதுவாக ஊற்றினால் போதும். முன் சக்கரத்துக்குப் பின்னால் உடனே வடிய வேண்டும். பிரஷர் குழாய் வைத்து அடிக்கக் கூடாது. இலையும் தண்ணீரும் நேராக ப்ளோயருக்குள் போகும். இங்கே இடப்பக்கத் துளை முழு அடைப்பு. வளைந்த ஒயரால் குத்தி எடுத்ததில் கைப்பிடி அளவு கறுப்பு மக்கு வந்தது.

இடப்பக்க மிதியடி ஈரமாவது இதனால் மட்டுமல்ல. கூலிங் காயிலில் வியர்க்கும் தண்ணீர் வெளியேறும் டியூப் அடைத்தாலும் அதே இடத்தில்தான் ஈரம் வரும். மழை இல்லாத நாளில், ஏசி ஓடும்போது தெளிந்த தண்ணீர் கசிந்தால் டியூப். மழைக்குப் பிறகு மட்டும், இலைத்தூளோடு வந்தால் ஜாலித் தொட்டி. சென்னை ஈரக்காற்றில் ஏசி போட்டுப் பத்து நிமிடம் நின்ற வண்டிக்குக் கீழே சொட்டுச் சொட்டாகக் குட்டை கட்ட வேண்டும். கட்டவில்லையென்றால் தண்ணீர் உள்ளே எங்கோ தேங்குகிறது.

எலிப் புழுக்கையோ கடித்த பஞ்சோ கிடைத்தால் வேலை முறை மாறும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், காய்ந்த நிலையில் பிரஷ் போட்டுக் கூட்டாதீர்கள். கிருமிநாசினியில் நனைத்த துணியை மேலே ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். உள்ளே ஸ்ப்ரே அடித்தால் ப்ளோயரின் மின் இணைப்பில் இறங்கும். திரும்ப வராமல் இருக்க, வெளிக்காற்று வாயில் 5, 6 மில்லிமீட்டர் கண் உள்ள ஸ்டீல் வலையை வெட்டிப் பொருத்தலாம். கொசுவலை வேண்டாம், பிளாஸ்டிக் என்றால் எலி கடிக்கும், கம்பி என்றாலும் அவ்வளவு நெருக்கமான கண்ணைப் புழுதி மூடிவிடும்.

மாட்டுவது

காலி அறையை ஈரத்துணியால் துடைத்து, டார்ச் அடித்து ப்ளோயர் உருளைக்குள் பாருங்கள். இலைத் துண்டு கிடந்தால் ஒரு ஈர்க்குச்சி நுனியில் செல்லோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி ஒற்றி எடுக்கலாம்.

புது ஃபில்டரில் அம்பு காற்று போகும் திசையைக் காட்டும். ப்ளோயர் கீழே இருக்கும் இந்த அமைப்பில் அம்பு கீழ்நோக்க வேண்டும். ஆனால் சில ஃபில்டரில் அம்போடு அப் என்று அச்சிட்டிருக்கும். அது காற்றுத் திசை அல்ல, அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தலைகீழாக மாட்டுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. தலைகீழாக மாட்டினாலும் காற்று வரும், உடனே ஒன்றும் தெரியாது. மடிப்பைத் தாங்கும் அடுக்கு தவறான பக்கம் போவதால் மடிப்பு நாளடைவில் ப்ளோயர் பக்கம் தொய்ந்து, விளிம்பு விலகி, சந்து விடும். சில ஹோண்டா கார்களில் ஃபில்டர் ஒரு பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இருக்கும். பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதியதோடு அது வராது.

வழி குறுகலாக இருந்தால் ஃபில்டரைக் கொஞ்சம் வளைத்து நுழைக்கலாம், மடிக்கக் கூடாது. உள்ளே போனதும் விரலால் நாலு மூலையையும் தடவிப் பாருங்கள். ஃபோம் சுருண்டிருந்தால் வெளியே எடுத்து மறுபடி. மூடி இரு பக்கமும் டக் என்று கேட்க வேண்டும். ஒரு பக்கக் கவ்வி மட்டும் விழுந்திருந்தால் ப்ளோயர் 4-இல் விசில் அடிக்கும். மாட்டும் முன் ஃபில்டர் விளிம்பில் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிட்டால், அடுத்த முறை சர்வீஸில் "மாத்தியாச்சு சார்" என்று பில் வரும்போது பேச வேண்டிய அவசியமே இருக்காது.

பெரும்பாலான கையேடுகள் 10,000 முதல் 15,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம் என்று சொல்லும், புழுதியில் ஓடினால் சீக்கிரம் என்றும் சேர்த்துச் சொல்லும். சென்னைக்குக் கிலோமீட்டரைவிடக் காலண்டர் சரிவரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, போகிப் புகையும் அடங்கிய ஜனவரிக் கடைசியில் புதுசு போடுங்கள். ஏப்ரல் கடைசியில், கத்திரி தொடங்கும் முன், திறந்து மேல் குப்பையை உறிஞ்சிவிடுங்கள். புழுதிச் சாலையில் தினம் ஓடும் வண்டிக்கு செப்டம்பரில் இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி வெள்ளத்தில் தரைவரை தண்ணீர் ஏறிய வண்டியில், ஃபில்டர் நனையாவிட்டாலும் வைத்திருக்க வேண்டாம். மூடிக் கிடந்த கேபின் ஈரத்திலேயே அதில் பூஞ்சை பிடித்துவிடும்.

இந்த வண்டியில் மாற்றிய பிறகு 2-இல் வரும் காற்று, முன்பு 4-இல் வந்த அளவுக்கு இருக்கிறது. நடு வென்ட் அதே 9 டிகிரி. வாடை பாதிதான் போயிருக்கிறது. மீதி கூலிங் காயிலில் படிந்த பூஞ்சை. வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏசி பொத்தானை அணைத்து, ப்ளோயரை மட்டும் 3-இல் ஓடவிட்டால் காயில் காயும். இரண்டு வாரம் அப்படிச் செய்தும் காலையில் சாக்கு வாடை அடித்தால், காயில் கிளீனர் ஃபோமை வடிகால் டியூப் வழியாக ஏற்றி ஊறவிட்டு வடிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஜாக்கியில் தூக்க வேண்டும்.